மாஸ்க்கின் வெள்ளையில் கறுப்பு பிரஷ் ஏறவில்லை

கேள்வி (கடலூர்):
வணக்கம். மஞ்சக்குப்பத்தில் சிறிய ஸ்டுடியோ நடத்தி வருகிறேன். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளிய உற்சவரை எடுத்த படத்தில் வானம் முழுவதும் வெளுத்துவிட்டது. ஆகவே ஒரே ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் சேமித்த மூலக் கோப்பு)ச் சாமிக்காக ஒருமுறையும், வானத்துக்காக ஒளியைக் குறைத்து மறுமுறையும் திறந்து, போட்டோஷாப்பில் இரண்டு லேயர்களாக அடுக்கினேன். மேலே உள்ள இருண்ட படத்துக்கு வெள்ளை மாஸ்க் (வெள்ளை இருக்கும் இடத்தில் அந்த லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும்) போட்டு, உற்சவர் இருக்கும் இடத்தைக் கறுப்பு பிரஷால் தீற்றிக் கீழ்ப்படத்தைக் கொண்டுவர முயல்கிறேன்.

நேற்று திருக்குடை வரை ஒழுங்காக வந்தது. இன்று எவ்வளவு தீற்றியும் சாமியின் முகத்தில் மாற்றமே இல்லை. குடைக் குஞ்சங்களைச் சுற்றி நேற்று மென்மையான பிரஷால் தொட்ட இடங்கள் மட்டும் மாறுகின்றன. பிரஷின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் ஒப்பாசிட்டி, ஃப்ளோ இரண்டும் 100-இல்தான் உள்ளன. கோயிலுக்குப் பெரிய அளவில் அச்சிட்டுத் தர வேண்டிய படம் இது. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1:
லேயர் பேனலில் மாஸ்க்கின் சிறு கட்டத்துக்குப் பதில் படத்தின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் கறுப்புத் தீற்றல் படத்தின் மேலேயே விழுந்திருக்கும். அப்படி விழவில்லை என்பதால் மாஸ்க்கில்தான் நிற்கிறீர்கள். குடையைச் சுற்றிப் போட்ட, வேலைப் பகுதியை வரையறுக்கும் செலக்‌ஷன் ஒன்று, கண்ட்ரோல், எச் விசைகளால் கண்ணுக்கு மறைந்து உயிரோடு இருக்கலாம்; அதற்கு வெளியே பிரஷ் வேலை செய்யாது. கண்ட்ரோல், டி அழுத்திப் பாருங்கள்.

கேட்டவர்:
அழுத்திப் பார்த்தேன் ஐயா, மாற்றமில்லை.

பதில் 2 (புதுச்சேரி):
குஞ்சங்களைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஆல்ட் விசையோடு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் தெரியும். முகம் தூய வெள்ளையாகவும், குஞ்சங்களின் ஓரம் சாம்பலாகவும் இருக்கும். சாம்பலில் பிடித்து, வெள்ளையில் பிடிக்காத பிரஷ் பெரும்பாலும் ஓவர்லே மோடில் (தீற்றும் நிறம் அடியில் உள்ளதோடு கலக்கும் முறைகளில் ஒன்று) இருக்கும் பிரஷ்தான். அந்த மோடில் தூய வெள்ளையும் தூய கறுப்பும் அசையாது, இடைப்பட்ட சாம்பல் மட்டுமே கறுக்கும் அல்லது வெளுக்கும். முடி, குஞ்சம் போன்ற ஓரங்களைத் துலக்க அதனால்தான் அதைப் பயன்படுத்துகிறோம். நேற்று அதற்காக மாற்றியிருப்பீர்கள். போட்டோஷாப்பை மூடித் திறந்தாலும் பிரஷ் அந்த மோடிலேயே நிற்கும். மேல்பட்டையில் உள்ள மோடை நார்மலுக்கு மாற்றுங்கள். லேயர் பேனலிலும் இதே போன்ற மோடுப் பட்டியல் உண்டு. அதைத் தொட்டுவிட வேண்டாம், படத்தின் நிறமே மாறிவிடும்.

கேட்டவர்:
ஓவர்லேதான் ஐயா! குஞ்சத்துக்காக நேற்று மாற்றியதை அடியோடு மறந்திருந்தேன். நார்மலுக்கு மாற்றியதும் முதல் தீற்றலிலேயே திருமுகமும் மாலையும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. மிக்க நன்றி. குஞ்சங்களை மட்டும் மீண்டும் ஓவர்லேயில் முடித்துவிட்டு அச்சுக்கு அனுப்புகிறேன்.