ஐடிலிங் ஏறி இறங்குது, பி0171 கோடு வருது: வேக்கம் ஹோஸா, ரிங்கா?

மலைப்பாதை:
ஊர் குன்னூர். 2014 மாடல் பெட்ரோல் வண்டி, மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் (உள்ளே போற காத்தை அளக்கிறது) உண்டு, 1,10,000 கி.மீ. ஓடியிருக்கு. சூடான பிறகு ஐடிலிங் 700-க்கும் 1100-க்கும் நடுவே ஏறி இறங்குது. ஸ்கேனர்ல பி0171, அதாவது பெட்ரோல் கம்மி, காத்து அதிகம்ங்கிற கோடு. லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பழகிப் பழகி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) ஐடிலிங்ல +22, 2500 ஆர்பிஎம்ல +4. மேனிஃபோல்டு உறிஞ்சலை அளக்கிற வேக்கம் கேஜ் 12, 13 இன்ச் (பாதரசக் கணக்கு) காட்டுது. 18-க்குக் கீழே போனா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு, இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி எந்த ஹோஸ்ல ஆரம்பிச்சுப் பார்க்கலாம்? மாத்தினா எந்த ரப்பர் வாங்கணும்?

ஸ்பேனர்10:
தயவுசெஞ்சு இன்ஜின்ல கை வைக்காதீங்க. 18-22 இன்ச்ங்கிறது கடல்மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினா ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும். குன்னூர் 6,000 அடி, அங்கே 12-16 வந்தாலே சரியான அளவுதான். சமவெளிக் கணக்கை மலையில வெச்சுப் பார்த்து நல்ல இன்ஜினைப் பிரிக்கிறது பெரிய அநியாயம். ரிங் மேல சந்தேகம்னா கம்ப்ரஷன் டெஸ்ட் போதும்.

உங்க ஃப்யூல் ட்ரிம்மே பதிலைச் சொல்லுது. ஐடிலிங்ல த்ராட்டில் (காத்து போற வாசல்) மூடியிருக்கும், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற குழாய்) உறிஞ்சுறதும் அதிகம், இன்ஜினுக்குப் போற மொத்தக் காத்தும் கம்மி. அதனால வெடிப்பு வழியா நுழையிற கொஞ்சக் காத்தே பெரிய பங்கா ஆயிடும். 2500-ல அந்தப் பங்கு சுருங்கிடுது, ட்ரிம்மும் இறங்குது. பம்ப்போ ஃபில்டரோ கெட்டிருந்தா இது தலைகீழா, வேகம் கூடக் கூட ட்ரிம் ஏறும்.

முதல்ல பிசிவி ஹோஸ், அதாவது இன்ஜினுக்குள்ள சேருற ஆயில் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோற குழாய். மேலே பார்த்தா நல்லாத்தான் இருக்கும். வளைவோட அடிப்பக்கம் விரலை விட்டு அமுக்குங்க. ஆயில் ஆவி ஊறி ரப்பர் கொழகொழன்னு ஆகி, வெடிப்பு அங்கேதான் விட்டிருக்கும். அடுத்து பிரேக் பூஸ்டர் (உறிஞ்சலால பெடலை லேசாக்குறது) ஹோஸ், பர்ஜ் வால்வு (டேங்க் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள்ள விடுறது), கடைசியா ஏர் ஃப்ளோ சென்சருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கிற மடிப்புக் குழாய். டிப்ஸ்டிக் ரப்பர், ஆயில் மூடி வாஷரையும் விட்டுடாதீங்க, பிசிவி வழியா அதுவும் கணக்கில வராத காத்துதான்.

ஒவ்வொரு ஹோஸையும் மேனிஃபோல்டு பக்கமா துணி சுத்தின பிளையரால நெரிச்சு, ஷார்ட் டேர்ம் ட்ரிம்மை (அந்தந்த நொடித் திருத்தம்) பாருங்க. எதை நெரிக்கும்போது சட்டுனு இறங்குதோ, லீக் அந்த வழியில. ஆர்பிஎம்மை மட்டும் நம்பாதீங்க, நல்ல பிசிவி ஹோஸை நெரிச்சாலும் அது கொஞ்சம் மாறும். பர்ஜ் வால்வுக்கு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவி சேருற கரி டப்பா) பக்க ஹோஸைக் கழட்டி வால்வு வாயில விரலை வைங்க. விரலை உறிஞ்சி இழுத்தா வால்வு மூடல.

கோவை_கராஜ்:
கார்ப் கிளீனர் அடிச்சு லீக் தேடுற பழக்கம் வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும். பூச்செடிக்கு அடிக்கிற பாட்டில்ல தண்ணி போதும், வெடிப்பு ஒரு நொடி அடைபடும்போது உஸ் சத்தம் மாறும். வயர் கனெக்டர் மேல மட்டும் அடிக்காதீங்க.

ரப்பர் விஷயத்துலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. பிசிவிக்கும் பர்ஜ் லைனுக்கும் சிலிக்கான் ஹோஸ் போடாதீங்க, ஆயிலும் பெட்ரோல் ஆவியும் பட்டு உப்பிடும். கூலன்ட் ஹோஸ் ரப்பரும் ஆயிலுக்கு ஆகாது. பிசிவிக்குக் கம்பெனி வளைவு ஹோஸே வாங்குங்க. நேர் ஹோஸை வளைச்சா மடிஞ்சு அடைச்சுக்கும். சின்ன லைனுக்கு ஃப்யூல் ஹோஸ், எஸ்ஏஇ ஜே30ஆர்7 அச்சடிச்சது நல்லது. நிப்பிளை (ஹோஸ் மாட்டுற முனை) வெர்னியர்ல அளந்து, உள்விட்டம் அரை மில்லிமீட்டர் கம்மியா எடுங்க. பூஸ்டருக்கு வேக்கம் பிரேக் ஹோஸ் மட்டும்தான். மெல்லிசா இருந்தா உறிஞ்சலுக்கு உள்ளே ஒட்டிக்கும், பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்.

ஒரு ஹோஸைக் கழட்டினா அதை மாட்டிட்டுத்தான் அடுத்தது. ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க, முறுக்குங்க. அசையலன்னா பிளேடால நீளவாக்குல கீறி உரிங்க, பிளேடு நிப்பிள்ல படாம. பழைய பிளாஸ்டிக் நிப்பிள் ஒடிஞ்சா செலவு பல மடங்கு. கிரீஸ் தடவாதீங்க.

மலைப்பாதை:
நன்றிங்க. பிசிவி ஹோஸை நெரிச்சதும் ட்ரிம் +20-லேர்ந்து +3-க்கு வந்துருச்சு. அடிப்பக்கம் ஒரு அங்குலத்துக்குக் கிழிசல். மாத்தின பிறகு ஈசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏதாவது செய்யணுமா? பூஸ்டர் ஹோஸையும் மாத்தப் போறேன், அதுல நடுவுல ஒரு வால்வு இருக்கு.

ஸ்பேனர்10:
ஸ்கேனர்ல கோடையும் ட்ரிம்மையும் அழிச்சுட்டு, மலையேத்தமும் ஊருக்குள்ளயும் ஓட்டிப் பாருங்க. லாங் டேர்ம் ±10-க்குள்ள நின்னா சரி. மேப் சென்சர் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிறது) மட்டும் இருக்கிற வண்டிக்கு இந்த ட்ரிம் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. லீக் காத்தோட அழுத்தத்தையும் அந்த சென்சர் பார்த்து பெட்ரோலைக் கூட்டிடும், ஐடிலிங் மட்டும் உயர்ந்து நிக்கும்.

பூஸ்டர் வால்வுல அம்புக்குறி இருந்தா அது இன்ஜின் பக்கம் பார்க்கணும். மாட்டினதும் இன்ஜினை நிறுத்தி, பெடல் இறுகுற வரைக்கும் மிதிங்க. அப்புறம் மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணினா பெடல் கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்கலன்னா வண்டியை மலைப்பாதையில எடுக்காதீங்க.