திவாலான கம்பெனிக்குள் மாட்டிய நம் பொருள்: அனுபவப் பகிர்வு

பதிவு 1
ஜாப் ஒர்க்குக்கு (வேறு கம்பெனி நமக்காகச் செய்து தரும் வேலை) போன மூன்று மோல்டு (வார்ப்பு அச்சு). அந்தக் கம்பெனி லிக்விடேஷனுக்கு (சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் கட்டம்) வந்தாயிற்று, மூன்றின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஏல லாட் எண். ஒன்றில் ஆயில் பிசுக்கைத் துடைத்ததும் அடித்தட்டில் பஞ்ச் அடித்த பார்ட் நம்பர் தெரிந்தது. டெலிவரி சலானிலும் அதே எண். லிக்விடேட்டர் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். மற்ற இரண்டுக்கும் சலானில் ‘மோல்டு - 2 நம்பர்’ என்பதோடு சரி. அவை ஏலத்தில் போயின. பஞ்ச் அடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

பதிவு 2
சலானில் எண் இல்லை என்று அந்த இரண்டையும் விட்டிருக்கவே கூடாது. டூல் ரூம் பில், டிராயிங், தட்டின் அளவு, கேவிட்டி (வார்ப்புக் குழி) எண்ணிக்கை, அதில் வார்த்த ஒரு சாம்பிள் பீஸ், இவை சேர்ந்தாலே அடையாளம் நிற்கும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதை ஜிஎஸ்டியில் காட்டும் ஐடிசி-04 படிவத்தில் காட்டியிருந்தால் இன்னும் பலம். 2016 திவால் சட்டத்தின் 36(4) பிரிவுப்படி, கம்பெனி வசம் இருக்கும் பிறர் பொருள் லிக்விடேஷன் சொத்தில் சேராது.

ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது மாரட்டோரியம் (கம்பெனி மீதான வசூல், வழக்குகளை நிறுத்தி வைக்கும் காலம்) ஓடும்போது, லாரியோடு கேட்டில் போய் நிற்காதீர்கள். 14-ஆம் பிரிவு உரிமையாளரே மீட்பதையும் தடுக்கிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு. ஆர்.பி.க்கு (திவால் நடவடிக்கையை நடத்தும் ரெசல்யூஷன் புரொஃபஷனல்) எழுத்தில் உரிமைக் கடிதம் கொடுங்கள், கூட்டு ஆய்வு கேளுங்கள், ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துச் சொத்துப் பட்டியலில் ‘பிறர் பொருள்’ என்று பதிய வையுங்கள். மறுத்தால் 60(5)-ன் கீழ் என்.சி.எல்.டி.யில் (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) மனு. முக்கியமாக, மோல்டின் விலையை, பாக்கி கோரும் படிவம் பி-யில் பாக்கித் தொகையாக எழுதிவிடாதீர்கள். எழுதினால் உரிமையாளர் என்ற இடத்தை விட்டு நீங்களே கடன் கொடுத்தவர் வரிசையில் போய் நின்ற மாதிரி ஆகிவிடும்.

பதிவு 3
மேலே சொன்னது பொருளுக்குத்தான். சரக்குக்கு அட்வான்ஸ் கட்டியவர்கள் ‘என் பணம், தனியாகக் கொடு’ என்று கேட்க முடியாது. கம்பெனிக் கணக்கில் கலந்த பணம் கடன்தான். அப்படிக் கட்டியவரும் ஆபரேஷனல் கிரெடிட்டர் (சரக்கு, சேவை வியாபாரத்தில் பாக்கி வரவேண்டியவர்) என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே படிவம் பி, அதோடு பர்சேஸ் ஆர்டர், பணம் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட். இடைக்கால ஆர்.பி. நியமனத்திலிருந்து 14 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள், கடைசித் தேதி பொது அறிவிப்பிலேயே இருக்கும்.

ஒரு கிளெய்மில் (பாக்கிக் கோரிக்கையில்) வட்டியைத் தாக்கல் செய்த நாள் வரை போட்டிருந்தார்கள். ஆர்.பி. சிவப்புப் பேனாவால் அடித்து, திவால் நடவடிக்கை தொடங்கிய தேதியோடு நிறுத்திவிட்டார். அது சரிதான், அந்தத் தேதிக்குப் பிறகு வட்டி ஓடாது. லிக்விடேஷன் ஆனால் 53-ஆம் பிரிவு வரிசையில் நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன் எல்லாம் போன பிறகுதான் அட்வான்ஸ் கட்டியவர் முறை.