எக்சர்சைஸ் சைக்கிள்: முட்டி வலிக்கிறது, சீட்டை எங்கே வைப்பது?

திருச்சிக்காரி:
மகன் சைக்கிளை வாங்கிப் பூட்டிக் கொடுத்துவிட்டு பெங்களூர் போய் மூன்று வாரம் ஆகிறது. அவன் ஆறடி, நான் ஐந்தடி ஒரு அங்குலம். பெடல் எட்டவே இல்லை. சீட்டை அடித்துளைக்கு இறக்கிவிட்டேன். இப்போது உட்கார்ந்தபடியே தரையில் கால் ஊன்ற முடிகிறது. ஆனால் பத்து நிமிடம் மிதித்தால் முட்டிச்சில்லுக்கு முன்பக்கம் வலி, உள்ளங்கையும் மரத்துப்போகிறது. வயது 54. எனக்கு இது ஒத்துவராதா?

பழைய செயின்:
அக்கா, தரையில் கால் ஊன்றுகிறது என்றீர்களே, அதுதான் கோளாறு. இது சாயாத வண்டி, எதற்கு ஊன்ற வேண்டும்? சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அளவுக்கு மீறி மடங்கும், சில்லில் அழுத்தம் ஏறும்.

மிதிக்கும்போது போடும் ஷூவோடு ஏறி, பெடலை அடிக்குக் கொண்டுவந்து குதிகாலை அதில் வையுங்கள். கால் அப்படியே நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி தானாக 25 முதல் 35 டிகிரி வரை மடங்கி நிற்கும். இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினாலோ, முட்டிக்குப் பின்னால் இழுத்தாலோ, ஒரு துளை இறக்குங்கள். தண்டில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக்கூடாது.

எங்கள் வீட்டில் மூன்று பேர் மிதிக்கிறோம். ஆளுக்கொரு நிறத்தில் நெயில் பாலிஷ் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

தூக்குக்குண்டு:
கை மரப்பதற்குக் காரணம் வேறு. உடம்பின் பாரம் கையில் இறங்குகிறது. சீட்டை ஏற்றினால் ஹேண்டில் இன்னும் தாழ்ந்துவிடும், அதனால் அதையும் சேர்த்து ஏற்றுங்கள். சீட் மட்டத்துக்கோ கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சீட் முன்னும் பின்னும் நகருமானால், இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முன்னே இருக்கும் முட்டியின் சில்லுக்குக் கீழிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது பெடலின் அச்சுக்கு நேராக விழ வேண்டும். முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

திருச்சிக்காரி:
நட்டுக்கு எங்கே போவேன், பீரோ சாவியைத்தான் கட்டினேன். இரண்டு விரல் முன்னால் விழுந்தது, தள்ளிவிட்டேன். உயரம் மூன்று துளை ஏறியது. ஏறி இறங்க பயமாக இருக்கிறது, பக்கத்தில் முக்காலி போட்டிருக்கிறேன். நேற்று இருபது நிமிடம், முட்டி சத்தம் போடவில்லை. கை இன்னும் லேசாக மரக்கிறது. சீட்தான் கல் மாதிரி இருக்கிறது, ஜெல் உறை வாங்கலாமா?

பழைய செயின்:
இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், பழகிவிடும். உறை போட்டால் உயரம் கூடும், மறுபடி குதிகாலை வைத்து அளக்க வேண்டியிருக்கும்.