புதுப்பிப்பு: குன்னூர் பர்மா ஷெல் பலகை வீட்டுக்கு வந்துவிட்டது

குன்னூரில் ஒரு பழைய ஷெட்டின் கூரை ஓட்டையை மூடிக் கிடந்த பர்மா ஷெல் என்ற பழைய பெட்ரோல் கம்பெனியின் ஆறடி விளம்பரப் பலகையைப் பற்றிப் போன மாதம் எழுதி, பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். சரி, பலகை இப்போது வீட்டில். பெயின்ட் அடிக்கவில்லை.

அது எனாமல், கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டியது. அதனால்தான் மஞ்சளும் சிவப்பும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. சில்லு பெயர்ந்த இடங்களில் மட்டும் மலை ஈரம் புகுந்து துரு. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெழுகு தேய்த்தேன்.

1976-இல் அரசு அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. அப்புறம் அது பாரத் பெட்ரோலியம் ஆனது. இந்தப் பலகை கூரையாகப் பிழைத்திருக்கிறது! வண்டியில் கயிறு இறுக்கியபோது ஒரு மூலை சில்லு போனதுதான் இன்னும் உறுத்துகிறது. புது ஓட்டை போடாமல், பழைய துளைகளிலேயே ரப்பர் வாஷர் வைத்து மாட்டப்போகிறேன்.