மொட்டை மாடி அறைக்கு எக்ஸ்பேண்டட் மெட்டல் தகடும் தெர்மாகோல் சிமெண்ட் நிரப்பும் கொண்ட சுவர் ஏற்றதா?

திருவான்மியூர்வாசி:
கடற்கரைக்கு அருகிலுள்ள எங்கள் பழைய வீட்டின் மொட்டை மாடியில் ஓர் அறை கட்ட விரும்புகிறோம். செங்கல் சுவரின் பாரத்தைத் தளம் தாங்காது என்று கூறும் ஒப்பந்ததாரர், இருபுறமும் எக்ஸ்பேண்டட் மெட்டல் தகடு (கீறி இழுத்து வலைபோல் விரித்த இரும்புத் தகடு), நடுவில் தெர்மாகோல் மணிகளும் நிலக்கரிச் சாம்பலும் கலந்த சிமெண்ட் நிரப்பு, வெளியே பூச்சு என 100 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சுவரைப் பரிந்துரைக்கிறார். உப்புக் காற்றில் அந்த மெல்லிய தகடு நிலைக்குமா? நடுவிலுள்ள நிரப்புக்குப் பலத்தில் பங்கு உண்டா, அல்லது அது இடத்தை அடைப்பதற்கு மட்டும்தானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
பாரத்தைப் பற்றி அவர் சொல்வது சரியே. இருபுறமும் பூசிய அரைச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 270 கிலோ எடை வரும். கன மீட்டருக்கு 700 கிலோ அடர்த்தியுள்ள நிரப்பை 75 மில்லிமீட்டர் கனத்தில் வைத்து இருபுறமும் மெல்லியதாகப் பூசினால் சுமார் 100 கிலோதான் வரும். ஆனாலும் பழைய தளத்தையும் தூண்களையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்காமல் எந்தச் சுவரையும் ஏற்றக் கூடாது.

நிரப்பு வெறும் அடைப்பு அன்று. சுவர் காற்றில் வளையும்போது ஒரு பக்கத் தகடும் பூச்சும் இழுவிசையையும் மறுபக்கம் அழுத்தவிசையையும் ஏற்கின்றன. அவை ஒன்றையொன்று விட்டு நழுவாமல் பிடித்து வைப்பது நிரப்பின் வேலை. அது உதிரியாக இருந்தாலோ, தகட்டின் கண்களுக்குள், அதாவது துளைகளுக்குள், புகுந்து பற்றாமல் போனாலோ, உங்களுக்குக் கிடைப்பது ஒரு சுவரல்ல, அருகருகே நிற்கும் இரண்டு மெல்லிய ஏடுகள்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று தகட்டின் திசை. கீறி இழுத்து உருவாக்கப்படும் இத்தகட்டின் கண்கள் சாய்சதுர வடிவில் இருப்பதால், அவற்றின் நீண்ட மூலைவிட்டத் திசையில் உள்ள பலத்தில் பாதிகூடக் குறுக்குத் திசையில் இருப்பதில்லை. எனவே சுவர் எத்திசையில் தாங்கிகளுக்கிடையே (தளத்துக்கும் கூரைக்கும் இடையே, அல்லது தூணுக்குத் தூண்) நிற்கிறதோ, அத்திசையில் நீண்ட மூலைவிட்டம் அமைய வேண்டும். தகடு வீணாகாமல் வெட்டும் அவசரத்தில் இதை மாற்றிப் போட்டுவிடுவார்கள்; பூச்சு மூடிய பின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அம்பத்தூர் பட்டறை:
துருவைப் பற்றி நான் சொல்கிறேன். துத்தநாகம் பூசிய தகட்டை வாங்கிப் பிறகு கீறி விரித்தால், ஒவ்வொரு இழையின் வெட்டு விளிம்பிலும் வெற்று இரும்பு தெரியும். விரித்த பின் உருகிய துத்தநாகத்தில் தோய்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான்; கடலோரத்தில் அதைத் தவிர வேறு பரிந்துரை செய்ய எனக்கு மனம் வரவில்லை. சிமெண்டின் காரத்தன்மை இரும்பைக் காக்கும், ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை உடைத்துவிடும். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு அதைத் தொடாதீர்கள். இரும்புள்ள காங்கிரீட்டின் கலவை நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456.

நிழல்தேடி:
வெப்பம் குறைய வேண்டும் என்பதும் உங்கள் நோக்கமானால், சுவரைவிடக் கூரையில் செலவிடுங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால் வெறும் தகரக் கூரை போட்டால் இந்தச் சுவரின் பயன் முழுவதும் போய்விடும். வெளிப்பலகையாக மெக்னீசியம் ஆக்சிகுளோரைடு பலகையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஈரக் காற்றில் அது உப்புநீராகக் கசிந்து அருகிலுள்ள உலோகத்தை அரித்ததை டென்மார்க்கில் பல கட்டடங்களில் கண்டார்கள்.

திருவான்மியூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. இச்சுவரில் ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் தொங்கவிட முடியுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
நிரப்பில் நேரடியாகப் போல்ட் அடித்தால் ஏ.சி.யின் அதிர்வில் சில காலத்திலேயே தளர்ந்துவிடும். இடத்தை இப்போதே முடிவு செய்து, அங்கே மட்டும் தெர்மாகோல் இல்லாத கெட்டியான சிமெண்ட் கலவையை நிரப்பி, போல்ட்டைச் சுவரின் மறுபக்கம் வரை செலுத்தி, அங்கே ஓர் இரும்புப் பட்டை வைத்து இறுக்கச் சொல்லுங்கள். தளத்தில் தாங்கி அமைத்து அதன்மேல் பெட்டியை வைக்க இடமிருந்தால் அதுவே எளிது.