8 வயது மகளுக்குக் கறுப்பின மக்களின் வரலாற்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ராலே அம்மா (கேள்வி)

நாங்கள் வட கரோலினாவில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கறுப்பின வரலாற்று மாதம் என்று பள்ளியில் ஒரு சார்ட் செய்யச் சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு படம், பிறந்த வருடம், இன்ன துறையில் முதல் கறுப்பினத்தவர் என்று ஒரு வரி, அவ்வளவுதான். இந்த முறை எல்லாம் முடிந்தபிறகு என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால், "முன்னாடி கெட்ட சட்டம் இருந்துச்சு, ரோசா பார்க்ஸுக்குக் கால் வலிச்சது, அதனால பஸ்ல எழுந்திருக்கல, மார்ட்டின் லூதர் கிங் ஒரு பேச்சு பேசினார், அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு" என்கிறாள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் (மன்னார்குடிப் பக்கம், விவசாயக் குடும்பம், பேத்திமேல் உயிர்) பூங்காவில் இவளுடைய நெருங்கிய தோழியின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மகள் காதில் விழுந்துவிட்டது. பாட்டி ஏன் அப்படிச் சொன்னாங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நானும் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்பதற்கு மேல் எங்களுக்குப் பள்ளியில் எதுவும் சொல்லித்தரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? கொடுமைகளை இந்த வயதில் எவ்வளவு சொல்லலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வகுப்பறை

வணக்கம் தோழி. வர்ஜீனியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை செய்கிறேன். மகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதை முழுசாகச் சொல்லுங்கள்.

ரோசா பார்க்ஸுக்குக் கால் வலி எல்லாம் இல்லை. உடம்பில் களைப்பில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்துப்போனேன் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் அலபாமா மாநிலத்தில் மான்ட்காமரி ஊர்க் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தில் பல வருடம் செயலாளராக வேலை பார்த்தவர், 1955 கோடையில் டென்னசிக்குப் போய்ப் போராட்டப் பயிற்சியும் எடுத்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, அதே மான்ட்காமரியில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானாள். பள்ளிக்கூடத்துப் பெண்! இதைக் கேட்டதும் குழந்தைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. 1955 டிசம்பர் 1 அன்று பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை கல்லூரியின் மிமியோகிராப் இயந்திரத்தில் விடிய விடிய ஆயிரக்கணக்கான துண்டுப் பிரசுரங்களை அடித்தார், காலையில் மாணவர்களை வைத்து ஊர் முழுக்க விநியோகித்தார். திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று. ஒரு நாள் என்று தொடங்கியது 381 நாள் போயிற்று. வேலைக்குப் போயாக வேண்டும் அல்லவா? நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று நிறுத்தங்களே ஏற்படுத்தினார்கள். போலீஸ் ஓட்டுநர்களுக்கு அபராதமாகப் போட்டுத் தள்ளியது, வண்டிகளின் இன்சூரன்ஸ் ரத்தானது, கடைசியில் லண்டன் லாயிட்ஸ் வரைக்கும் போய் இன்சூரன்ஸ் வாங்கினார்கள். பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரிக்கும் சட்டத்துக்கு எதிரான வழக்கை ஜெயித்துக் கொடுத்தவர்கள் நான்கு பெண்கள், அதில் கால்வினும் ஒருத்தி.

என் மாணவர்களிடம் ஊர் வரைபடத்தைக் கொடுத்து, பஸ்ஸே இல்லாமல் இத்தனை பேரை வேலைக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்பேன். ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஒரு பேச்சில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அதற்குப்பிறகு ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

கணக்குப்புலி

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக்கருத்து. 8 வயதுக்குப் போராட்டம், கைது, வழக்கு என்று போக வேண்டுமா? கறுப்பினத்தவர் என்றாலே கஷ்டப்பட்டவர்கள் என்று ஒரு பரிதாபம்தான் பிள்ளை மனதில் தங்கும். நான் என் பையனுக்குச் சாதனைகளில் இருந்துதான் ஆரம்பித்தேன். நாசாவில் கணக்குப் போட்ட கேத்தரின் ஜான்சன் என்றால் அவனுக்கு அப்படி ஒரு பிடித்தம். 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரக் கிளம்பும் முன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அந்தப் பெண் கையால் சரிபார்த்துச் சொல்லட்டும், அப்புறம் நான் தயார் என்று கேட்டாராம். அவரும் உட்கார்ந்து எண் எண்ணாகப் போட்டுப் பார்த்துச் சரி என்றார். நல்ல கணக்கு டீச்சரைப் பார்க்கிற மரியாதையோடு என் பையன் அவர் படத்தைப் பார்க்கிறான். அது போதாதா?

வெள்ளிவீதி

கணக்குப்புலி சார், பரிதாபம் வேண்டாம் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் கேத்தரின் ஜான்சன் கதையையே எடுங்கள். அவர் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குமேல் படிக்க வைக்க அவருடைய அப்பா சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி வீடு பார்த்துப் பிள்ளைகளைக் குடிவைத்தார். 10 வயதில் உயர்நிலைப்பள்ளி, 18இல் கல்லூரிப் பட்டம். பிறகு லாங்லி ஆய்வுக்கூடத்தில் கணக்கு போட்ட கறுப்பினப் பெண்களுக்குத் தனிச் சாப்பாட்டு மேசை, தனிக் கழிப்பறை. இந்தத் தடையைச் சொல்லாமல் சாதனையை மட்டும் சொன்னால் அந்த அப்பா என்ன செய்தார் என்பதே பிள்ளைக்குத் தெரியாது. வயது சின்னது என்கிறீர்கள். 1960இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குள் மார்ஷல்கள் காவலோடு நடந்துபோன ரூபி பிரிட்ஜஸுக்கு வயது 6. மற்ற பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததால் அந்த வருடம் முழுக்க ஒரு ஆசிரியையும் அவளும் மட்டும் ஒரு வகுப்பறையில் இருந்தார்கள். நம் பிள்ளைகளால் இதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும்.

ராலே அம்மா, கொடுமைகளை எவ்வளவு சொல்லலாம் என்று கேட்டீர்கள். அடிமைமுறையைச் சொல்லும்போது சாட்டையடியை விவரிக்கத் தேவையில்லை. சம்பளம் கிடையாது, படிக்கக்கூடாது, அம்மாவையும் பிள்ளையையும் தனித்தனியாக விற்கலாம், இதெல்லாம் சட்டப்படியே நடந்தது என்று சொன்னாலே எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். அப்புறம் ராபர்ட் ஸ்மால்ஸ் கதையைச் சொல்லுங்கள். இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

1862, சார்ல்ஸ்டன் துறைமுகம். அடிமைமுறையை விடாத தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஸ்மால்ஸுக்கு 23 வயது, அடிமை, தென்மாநிலப் படைக்குச் சரக்கு ஏற்றும் பிளான்டர் என்ற கப்பலில் சுக்கான் பிடிப்பவர். மே 13 விடியலுக்கு முன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்த நேரம், அவரும் மற்ற அடிமை மாலுமிகளும் கப்பலைக் கிளப்பினார்கள். வழியில் இன்னொரு துறையில் மனைவி குழந்தைகளை ஏற்றிக்கொண்டார்கள். காப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, காப்டன் நிற்கிற மாதிரியே நின்று, ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் சரியான விசில் சங்கேதத்தைக் கொடுத்தார். எத்தனை நாள் பக்கத்தில் நின்று கவனித்திருப்பார்! சம்டர் கோட்டையின் பீரங்கிகளைத் தாண்டியதும் கொடியை இறக்கிவிட்டு வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றினார்கள், வடமாநிலக் கப்பல் சுட்டுவிடக் கூடாதே என்று. கப்பலில் இருந்த 16 பேருக்கும் விடுதலை. போருக்குப்பின் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார், தன் தாய் அடிமையாக வேலை பார்த்த அதே வீட்டை விலைக்கு வாங்கினார், தென் கரோலினாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று 1868 அரசியல் சட்ட மாநாட்டில் வாதாடினார். சார்ல்ஸ்டன் துறைமுக வரைபடத்தை விரித்துவைத்துச் சொல்லுங்கள், மகள் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்கள்" பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் கடலை வெண்ணெயைக் கண்டுபிடிக்கவில்லை. பருத்தி போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணைக் கடலையும் காராமணியும் போட்டு மீட்கலாம் என்று ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், 1906இல் அவர் வேலை பார்த்த டஸ்கீகி கல்லூரியில் இருந்து குதிரைவண்டியில் நடமாடும் பள்ளியே கிளம்பியது. ஹாரியட் டப்மன் அடிமைத்தனத்திலிருந்து 300 பேரை மீட்டார் என்று போட்டிருப்பார்கள். ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 13 பயணம், 70 பேர். ஒவ்வொரு முறையும் பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே திரும்பிப் போனவர் அவர், எண்ணிக்கையை ஏற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

கூப்பர் ஆற்றுக்காரன்

அக்கா, நான் சார்ல்ஸ்டன் பக்கம் இருக்கிறேன். பாட்டியோடு சண்டை போடாதீர்கள், அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 18ஆம் நூற்றாண்டில் தோட்ட முதலாளிகளைக் கோடீஸ்வரர்கள் ஆக்கியது கரோலினா அரிசி. அதைப் பயிரிட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளில் இருந்து பிடித்துவரப்பட்டவர்கள். சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டி, மதகு வைத்து, கடல் ஏற்றத்துக்கு ஆற்றில் நன்னீர் உயரும்போது வயலுக்குள் விட்டு, வற்றும்போது வடித்து... கொசுவிலும் காய்ச்சலிலும் செத்துச் செத்து வெட்டிய வயல்கள். நெல்லை உரலில் குத்தி, புல்லால் பின்னிய அகலத் தட்டில் புடைத்தார்கள், பார்த்தால் நம் முறம்தான். அவர்கள் வழிவந்த, கல்லா (Gullah) என்று பெயர்கொண்ட மக்கள் இன்றும் மவுன்ட் பிளெசன்ட்டில் 17ஆம் நெடுஞ்சாலை ஓரம் உட்கார்ந்து அந்தப் புல் கூடைகளைப் பின்னி விற்கிறார்கள். மன்னார்குடிக்காரருக்கு வரப்பும் மதகும் யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூடையைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும், பின்னியவரிடம் பேசட்டும், பேத்தி மொழிபெயர்க்கட்டும். அந்தச் சொல்லுக்காக மகளிடம் மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: பாட்டி சொன்னது தப்பு, நம் ஊரிலும் நிறத்தை வைத்து ஆளை மட்டம் தட்டும் பழக்கம் உண்டு, அதை நாம் விட வேண்டும் என்று.

சார்ல்ஸ்டன் தூரம் என்றால் கிரீன்ஸ்பரோ உங்களுக்குப் பக்கம். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடையின் வெள்ளையர் உணவு மேசையில் உட்கார்ந்து காபி கேட்ட அதே கட்டடம்தான் இப்போது அருங்காட்சியகம். வன்முறைப் படங்கள் உள்ள பகுதியும் உண்டு, குழந்தை வருகிறது என்று வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ராலே அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்மால்ஸ் கதையை நேற்றே சொன்னேன், தொப்பி வந்த இடத்தில் கத்தியேவிட்டாள். இன்னொரு கேள்வி. பள்ளிக்கு ஏதாவது எழுதலாமா? நாம் வெளியிலிருந்து வந்தவர்கள், நமக்கு இதில் பேச என்ன இருக்கிறது என்று கணவர் தயங்குகிறார்.

வகுப்பறை

தாராளமாக எழுதுங்கள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: 1946க்குப் பிறகும் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம் என்று இருந்தது. அதை மாற்றியது 1965 குடியேற்றச் சட்டம். 1964 குடிமை உரிமைகள் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம், அதே வருடம் அக்டோபரில் இது. கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி உருவாக்கிய சூழலில்தான் அந்தக் கதவு திறந்தது, நாமெல்லாம் அதன் வழியாக வந்தவர்கள்.

ஆசிரியருக்குக் கார்ட்டர் உட்சனை நினைவூட்டி எழுதுங்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1926இல் அவர் ஒரு வாரமாகத் தொடங்கியதுதான் இப்போது மாதமாகியிருக்கிறது. வருடம் முழுக்கப் படித்ததைப் பிள்ளைகள் அந்த வாரத்தில் எடுத்துக்காட்ட வேண்டும் என்பதே அவர் எண்ணம். அதனால் பிப்ரவரிவரை காத்திருக்காமல் ஆகஸ்டில், பாடத்திட்டம் போடும்போதே எழுதுங்கள். மாநில வரலாறு நடத்தும்போது கிரீன்ஸ்பரோவையும், அறிவியலில் கார்வரையும் சேர்க்க முடியுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் குறை சொல்லும் கடிதத்தைவிட இப்படி இரண்டு இடத்தைச் சுட்டிக்காட்டும் கடிதத்தைத்தான் ஆசிரியர்கள் கையில் எடுத்துக்கொண்டு திட்டக் கூட்டத்துக்குப் போவார்கள்.