கால்வாய்த் தண்ணீரில் ஐசியூ கிருமி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவன் நான். ஐசியூ சாம்பிள்களில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வருவது எங்களுக்குப் பழகிப்போனது. கிருமி வளர்க்கிற அகார் தட்டில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருக்கும், கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூல் மாதிரி இழுபடும். மருந்துக்குச் சாகிற கிருமி என்றால், தட்டில் வைக்கிற மருந்து வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். எங்கள் ஐசியூ கிருமிகளில், கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கான மெரோபெனம் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருக்கும், வட்டமே இருக்காது. ப்ராஜெக்டுக்கு வந்த மாணவி ஒருத்தி பக்கத்துக் கால்வாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து தட்டில் போட்டாள், மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால் அதே கொழகொழப்பு, அதே வட்டமில்லாத வில்லை. அந்தக் கால்வாயில் மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிக்கும், பிள்ளைகள் பந்தெடுக்க இறங்குவார்கள். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். டெல்லியில் தெருவில் தேங்கிய நீரில் 171 சாம்பிள் எடுத்து, அதில் 51-ல், மெரோபெனம் மாதிரி மருந்தை உடைக்கும் திறனைக் கிருமிக்குத் தருகிற என்டிஎம்-1 மரபணு இருந்ததாக 2011-லேயே ஆய்வு வந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரிலும் 50-க்கு 2. காலரா கிருமிக்குள்ளேயே அது புகுந்திருந்தது. பிளாஸ்மிட் என்கிற சின்ன டிஎன்ஏ வளையம் வழியாக ஒரு கிருமி இன்னொன்றுக்கு இதைக் கொடுத்துவிடும், 30 டிகிரி சூட்டில் அது நன்றாகவே நடக்கிறதாம். நம் ஊர்ச் சாக்கடைக்கு அந்தச் சூடு சாதாரணம்.

* * *

அண்ணா, எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. நீர்க்கடுப்பு என்று கிருமி பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்குச் சிறுநீர் கொடுத்தோம், ரிப்போர்ட்டில் மாத்திரையாகக் கிடைக்கிற மருந்துக்கெல்லாம் நேரே ஆர், ஆர், அதாவது அந்த மருந்து வேலை செய்யாது என்றே வந்தது. கடைசியில் தினமும் ஊசிதான். எங்கிருந்து வந்தது டாக்டர் என்று கேட்டதற்கு, தண்ணீர், சாப்பாடு வழியாகக் குடலுக்குள் முன்பே வந்து தங்கியிருக்கலாம் என்றார். உங்கள் பதிவைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

* * *

ஹைதராபாத் பக்கம் பட்டான்சேருவில் கழிவுநீர் வேலையில் இருந்தேன். இந்தக் கிருமிகளுக்கு ஆஸ்பத்திரியை மட்டும் காரணம் சொன்னால் போதாது. அங்கே மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007-ல் எழுதினார்கள். மாத்திரை போட்டுக்கொண்டவர் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அந்தத் தண்ணீரில் மருந்துக்குச் சாகாத கிருமி மட்டும்தானே மிஞ்சும்? கழிவு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்று காட்டுகிற பிஓடி, சிஓடி அளவுகளை நாங்கள் தினமும் பார்த்து எழுதுவோம், ஆன்டிபயாடிக் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. ஆலைக் கழிவில் அதற்கு வரம்பு வைக்க 2020 ஜனவரியில் மத்திய அரசு வரைவு போட்டது, 2021-ல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்பே இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எல்லோரும் எழுத வேண்டும், நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.